பங்காளி

கச்சேரியில் எனக்குத் தந்த மேசை
ஒல்லாந்தர் கட்டிய சுவரில் முதுகு சாய்த்திருக்கிறது.
சன்னலுக்கு வெளியே ஒரு பீரங்கி
வாவியையே பார்த்துக்கொண்டிருக்கிறது.
அதன் வாய்க்குள் யாரோ
சோடாப் போத்தல் மூடி போட்டிருக்கிறார்கள்.

நான் மொழிபெயர்ப்பாளர். இரண்டாம் தரம்.
வீட்டுத்திட்டக் கோப்பு என் பொறுப்பு:
பெரிய நாடு கட்டித் தரும் அறுபத்தொரு வீடுகள்,
வவுணதீவுக்கு அப்பால், வயலோரம்.

முதல் கல் வைத்த அன்று
அவர்களுடைய பழைய தலைவரின் கடிதத்தை வாசித்தேன்.
பஞ்சத்தில் பிறந்தவராம்,
இரவல் அரிசியின் கணக்குத் தெரிந்தவராம்.
பதினொரு தடவை 'சகோதரர்' வந்தது.
'நிபந்தனை ஏதுமில்லை' என்ற வரியை
இரண்டு முறை சரிபார்த்த பிறகே வாய்விட்டுச் சொன்னேன்.
சனம் கைதட்டவில்லை. நிழலுக்கு நகர்ந்தது.
பிறகு கல் வந்தது, மணல் வந்தது,
இருபத்திரண்டு கூரை ஏறியது.

அந்த நாட்டு வாக்கு எண்ணிக்கை
கன்டீன் தொலைக்காட்சியில் ஓடிய மத்தியானம்
சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி சாரதி ஜௌபர் சொன்னார்:
"மிஸ், இனி ஒங்கட சொல்லெல்லாம் மாறும்."

புதியவர்
வரைபடத்தின் முன் நின்றே பேசுகிறவர்.
தன் நாடு எழுந்துவிட்டது என்று சொல்ல
நாற்காலியை விட்டு எழுந்து காட்டுகிறவர்.
அதே கடல், அதே கப்பல்,
கப்பலில் அதே சிமெந்து.
ஒருவர் போய் ஒருவர் வந்தார், அவ்வளவுதான்.
மூன்றாம் கிழமை வந்த திருத்திய ஒப்பந்தத்தில்
ஒரு சகோதரர்கூட இல்லை.
அந்த இடத்தில் வேறொரு சொல்.
கலைச்சொல் அகராதி 'பங்காளர்' என்றது.
பதினாலாம் பக்கத்தில், சின்ன எழுத்தில்,
முகத்துவாரத்தில் இறங்குதுறைக்கு இடம் பார்ப்பது பற்றி
மூன்று வரி.

கூட வந்த இரண்டாம் செயலாளர் அதே பொடியன்தான்.
சட்டையில் குத்திய சின்னம் மட்டும் புதிது.
வலையிறவுப் பாலத்தில் மாடுகள் மறித்து நின்றபோது
தானாகவே சொன்னான்:
"முன்னையதையும் நான்தான் எழுதினேன். இதையும்."
கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தான்.
"மேலே இருப்பவர் எங்கே மூச்சு விடுகிறாரோ
அங்கேதான் எங்கள் காற்புள்ளி."
ஜௌபர் ஹோர்ன் அடித்தார்.
மாடுகளுக்கு ஒரு நாட்டுக் கொடியும் தெரியாது.

கூட்டம் மருத மரத்தடியில்.
ஒலிவாங்கி இரைந்தது. வாசித்துக்கொண்டே போனேன்.
எங்கே தடுக்கியதோ, நாக்கு
'பங்காளர்' என்பதை விட்டுப்
'பங்காளி'யில் விழுந்துவிட்டது:
"இனி நாங்கள் பங்காளிகள்."

பின்வரிசையில் கந்தப்போடி எழும்பினார்.
"பங்காளியெண்டா வரம்பு வெட்டுவானே மிஸ்,
வழக்கு எந்தக் கோட்டில?"
சனம் அன்றைக்குத்தான் முதன்முதலாய்ச் சிரித்தது.
ஏன் சிரிக்கிறார்கள் என்று செயலாளர் கேட்டான்.
"அது ஒரு உறவுமுறை" என்றேன்.
பொய்யென்று சொல்ல முடியாது.

சிரிப்பு அடங்க முன்னம்
இருபத்துமூன்றாம் வீட்டுத் தவமலர் கை உயர்த்தினாள்.
அவளுடையதில் இருந்துதான் கூரை நின்றுபோனது.
தூணில் நீட்டிய கம்பிகளில் துரு,
அதில் உலரும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை.
கூரை எப்போது என்று அவள் கேட்கவில்லை.
"அவங்கட நாட்டுல
அடுத்த எலெக்சன் எப்பயாம்?"

கேள்வியை அப்படியே அவனிடம் கொடுத்தேன்.
சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.
விரல்விட்டு எண்ணினான்:
நான்கு ஆண்டு ஏழு மாதம்.
அதை அவள் பக்கம் திருப்பியபோது
"அஞ்சு மாரி" என்றேன்.
என் வேலையில் நான் செய்த
ஆகச் சரியான மொழிபெயர்ப்பு அதுவாக இருக்கலாம்.

கூட்டம் கலைந்தது. மேடைக்குப் பின்னால்
புதியவரின் முகம் அச்சிட்ட பதாகையை
ஜௌபர் அவிழ்த்துக்கொண்டிருந்தார்.
தவமலர் ஒரு முனையைப் பிடித்து
முழங்கையால் அளந்தாள்.
பழையவர் அவள் குசினிக்கு மேல்
இரண்டு மழையாய்க் கவிழ்ந்து கிடக்கிறார்.
இவர் அகலம் கூட.
முன்னறைக்குக் காணும் என்றாள்.